எடுத்துக் கொடுக்காத வசனம்

மூன்றாவது முறையாக ஸ்ரீரங் பிண்டத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றான். சாங்லியில், கிருஷ்ணா நதிப் படித்துறையில், அப்பாவின் பத்தாம் நாள் காரியம். அரச மரத்தில் இருபது காக்கைக்குக் குறையாது. ஒன்றாவது கீழே இறங்க வேண்டுமே! இலையில் சோற்று உருண்டை, பக்கத்தில் அப்பாவுக்குப் பிடித்த வெங்காய பஜ்ஜி, ஒரு கோப்பை டீ. டீயில் ஆடை படிந்துவிட்டது.

காக்கை தொடாவிட்டால் போனவருக்கு மனசில் ஏதோ குறை. அது இன்னதென்று கண்டுபிடித்து, செய்கிறோம் என்று வீட்டார் உரக்க வாக்குக் கொடுக்க வேண்டும். ஸ்ரீரங் வாக்குகளை அள்ளி விட்டான். அப்பா பெயரில் விருது, நாடக அரங்கு வாசலில் அப்பாவின் படம், வருஷா வருஷம் விழா. ஐம்பது வருஷம் மேடையில் நின்ற திரியம்பக்ராவின் பிள்ளை அல்லவா, குரல் எதிர்க்கரை வரைக்கும் போயிற்று. காக்கைகள் அசையவில்லை. அத்தை தன் பங்குக்கு, அவன் தங்கை குமுதினிக்கு நல்ல வரன் பார்த்து முடிக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயதில் தன்னை வைத்துக் காக்கையிடம் பேரம் பேசியது குமுதினிக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பாவுக்கு என்ன குறை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறு வருஷம், பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள் அவள். வசனம் மறந்தால் அப்பா மூக்கை லேசாகத் தடவுவார். அடுத்த நொடி அவள் குரல் அவர் காதுக்குப் போய்விடும், முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. கடைசி இரண்டு வருஷமாக அவர் மூக்கைத் தடவுவது அதிகமாகிவிட்டது. போன தீபாவளி கழிந்து ஒருநாள் ஸ்ரீரங் சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். இன்னும் நடித்தால் மேடையிலேயே விழுந்துவிடுவார் என்று டாக்டர் சொல்கிறாராம். சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்? ஒரே ஒரு தடவை நீ எடுத்துக் கொடுக்காமல் இருந்தால் தானாகவே மேடையை விட்டு இறங்கிவிடுவார். அவர் உயிருக்காகத்தான் கேட்கிறேன் என்று அழவே செய்தான். நடிகன் வீட்டில் பிறந்தும் அவள் அந்தக் கண்ணீரை நம்பினாள்.

மிரஜில் மதிய ஆட்டம். முற்றுகையில் சிக்கிய கிழக் கோட்டைக்காரர் வேஷம், கடைசிக் காட்சி. "கதவைத் திறங்கள்" என்றார் அப்பா. அதோடு நின்றுவிட்டார். மூக்கைத் தடவினார். புத்தகம் அவள் மடியில் திறந்தே கிடந்தது, விரல் அந்த வரியின் மேலேயே இருந்தது. மறுபடியும் தடவினார். திரும்பி அவளையே பார்த்தார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள், திரையை இறக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பனைப் பெட்டியைப் பரணில் ஏற்றினார். அதற்கப்புறம் அவளிடம் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை, அவரே எழுந்துபோய் மொண்டு குடித்தார். மூன்று மாதம். ஒருநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார், ஒரு கன்னத்தில் சோப்போடு. அதைத் துடைத்தவளும் அவள்தான்.

உயிரைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்று இந்தப் பத்து நாளும் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினாள்.

நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடும் தாம்லே படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கோலாப்பூரில் ஆட்டமாம். பதின்மூன்றாம் நாள் கழியட்டும் என்று அவர் சொல்லியும், ஆட்டம் நிற்கக் கூடாது, அப்பா இருந்தால் அதைத்தான் சொல்வார் என்றானாம் ஸ்ரீரங்.

"பாவம்மா உங்கண்ணன். கணபதி விசர்ஜனத்தன்னிக்கு எங்கிட்ட கையெழுத்துப் போட்டதுலேர்ந்து அந்த வேஷத்துக்காகத் தாடி வளர்க்கிறான்."

"எந்த வேஷம்?"

"கோட்டைக்காரர் வேஷம்தான். நாப்பது ஆட்டம். அப்பாவுக்குத் தெரிய வேணாம்னான், நானும் கடைசி வரைக்கும் மூச்சு விடலையே."

கணபதி விசர்ஜனம் தீபாவளிக்கு முந்தி வருவது. அண்ணன் சமையலறைக்கு வந்து அழுதது தீபாவளிக்குப் பிந்தி. குமுதினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அடப்பாவி, என் கையாலேயே அப்பாவைக் குத்த வைத்தாயே!

அங்கே ஸ்ரீரங் புரோகிதரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். தர்ப்பையில் காக்கை செய்து தொடவைத்து முடித்துவிடலாம், நேரமாகிறது என்றான். புரோகிதர் புல்லை முடிய ஆரம்பித்தார். குமுதினி எழுந்து போனாள்.

"எந்த டாக்டர்ண்ணா?"

"என்னது?"

"அப்பா மேடையில விழுந்துடுவார்னு சொன்னாரே, அந்த டாக்டர். பேரென்ன?"

ஸ்ரீரங் தாம்லேயைப் பார்த்தான். தாம்லே ஆற்றைப் பார்த்தார்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? எல்லாரும் பாக்கறாங்க, குமுத்."

அவள் அவனைத் தாண்டிப் போனாள். இலைக்கு முன்னால், முக்காலியில் உட்காருகிற மாதிரியே முழங்கால்களைச் சேர்த்துக் குந்தினாள். பதினாறு வருஷக் குரலில், மிரஜில் கொடுக்காத அந்த வரியை, அத்தைக்குக்கூடக் கேட்காதபடி எடுத்துக் கொடுத்தாள்.

"வந்திருப்பவன் பகைவன்தான். ஆனாலும் பசித்து வந்திருக்கிறான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். எழுந்து நாலு அடி பின்னால் வந்தபோது மரத்தில் சலசலப்பு. ஒரு காக்கை இறங்கி, தத்தித் தத்தி வந்து, பஜ்ஜியை விட்டுவிட்டுச் சோற்றில் வாய் வைத்தது. வெயில் ஏறியதில் அதற்கும் பசியோ என்னவோ.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னடி வாக்குக் கொடுத்தே என்று கேட்டாள்.

"ஒண்ணும் கொடுக்கல அத்தை. கொடுக்க வேண்டியதைத்தான் கொடுத்தேன்."

ஸ்ரீரங் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான். வண்டி நிற்கிறது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏறு, முதல் ஆட்டம், நீ பக்கத்தில் இல்லாமல் முடியாது என்றான். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. நான் வரல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் விரல் மெல்ல மூக்குக்குப் போயிற்று.

குமுதினி கால் கழுவ ஆற்றில் இறங்கினாள்.