தன் அடக்கத்துக்கு வந்த ஸ்வாவா

ஸ்வாவா இறந்த ஒன்பதாம் நாள், தன் அடக்கத்துக்காக ஸ்வாவா காலை விமானத்தில் மீன்பிடி ஊரான ஹூசாவிக் வந்து இறங்கினாள். டாக்சி ஓட்டும் பிரான்டூர் அவளுடைய பழுப்புப் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, "உன் அடக்கத்துக்கே கடைசி ஆளா வர்ற" என்றான். அம்மான் நகரத்தில் விமானம் தாமதம் என்றாள் அவள். அவன் மீன்வரத்து குறைந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

ஊருக்கு இது புதிதல்ல. 1974 ஏப்ரல் கடைசியில் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று ஸ்வாவாவை அங்கே வெடித்த புரட்சியைப் பற்றிச் செய்தி எழுத லிஸ்பனுக்குப் போகச் சொல்லியிருந்தது. அன்று கணவன் கடலில். மூன்று வயது மகள் உன்னூருக்கு அம்மை. ஸ்வாவா கோட்டும் தொப்பியுமாகக் கால் மணி நேரம் வாசலில் நின்றாள். பிறகு ஒருத்தி படியிறங்கிப் போனாள். இன்னொருத்தி கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் வீட்டு ஸ்வாவா மூன்று பிள்ளைகளை வளர்த்தாள், ஏழு பேரப்பிள்ளைகளுக்குக் கையுறை பின்னினாள், கணவனைக் கடலுக்குக் கொடுத்தாள். வெளியூர் ஸ்வாவா நாற்பத்தொரு நாடுகளிலிருந்து செய்தி எழுதினாள். ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு, ஆட்டுத்தொடைச் சாப்பாடு முடிந்ததும், தொலைபேசி மணி அடிக்கும். ஒரு ஸ்வாவா கூப்பிடுவாள், ஒரு ஸ்வாவா எடுப்பாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் கால் வைத்தால் ஒருத்தியாகிவிடுவோமோ என்று இருவருக்கும் பயம். ஒருத்தியாகிவிட்டால் வீடோ வேலையோ ஒன்று போய்விடும். ஆகவே வெளியூர் ஸ்வாவா வரவேயில்லை. பிள்ளைகளுக்கு அவள் செய்திக்கு மேலே அச்சாகும் ஒரு சின்னப் படம், அவ்வளவுதான்.

வீட்டு ஸ்வாவா 2009 அக்டோபரில், ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தபடியே இறந்தாள். அடக்க நாளன்று பத்திரிகையில் வீட்டார் நினைவுக் கட்டுரை எழுதுவது வழக்கம். எழுதாத குடும்பத்தை ஊர் சும்மா விடாது. ஆறு கட்டுரைகள் வந்தன. ஆறிலும் அடுப்படிதான். பத்திரிகையில் ஸ்வாவாவோடு வேலை பார்த்தவர்கள் ஒருவரும் எழுதவில்லை. அவர்களைப் பொறுத்தவரை ஸ்வாவா உயிரோடிருந்தாள், வியாழக்கிழமைகூடச் செய்தி அனுப்பியிருந்தாள். முதல் கட்டுரை உன்னூருடையது. நான்கு நாள் அடித்து அடித்து எழுதினாள். 'அம்மாவுக்கு வீட்டைவிட்டு எங்கும் போக ஆசை இருந்ததே இல்லை' என்று முடித்தாள். தான் எழுதியதிலேயே அந்த வரிதான் நன்றாக வந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

தேவாலயத்தில் வெளியூர் ஸ்வாவா கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் பாடினாள். பிறகு ஊர்க்கூடத்தில் காப்பியும் கிரீம் வைத்த அப்பங்களும் பரிமாறினார்கள். ஊரார் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்து அவளுடைய மறைவுக்கு வருத்தம் சொன்னார்கள். உன்னூர் மட்டும் கிட்டே போகவில்லை. அதே முகம், வெயில் பட்டுக் கறுத்திருந்தது. அதே கைகள், ஆனால் அடுப்புச் சூட்டின் தழும்பு ஒன்றுகூட இல்லை. இவளை ஒருமுறை அம்மா என்று கூப்பிட்டுவிட்டால், மண்ணுக்குள் கிடப்பவளுக்கு ஆளில்லாமல் போய்விடும் என்று அவள் பயந்தாள்.

கடைசியில் ஸ்வாவாவே பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கட்டுரை நல்லா வந்திருக்கு. ஒரு தப்பு இருக்கு, திருத்தம் போடணும்."

"உங்களுக்கு எங்களப் பத்தி என்ன தெரியும்? எனக்கு என்ன சாப்பிட்டா ஒத்துக்காது, சொல்லுங்க பாப்போம்."

ஸ்வாவா பெட்டியைத் திறந்தாள். உள்ளே துணிமணி குறைவு, முழுக்க நோட்டுகள். ஒன்றை எடுத்துப் புரட்டினாள். "இறால். எழுபத்தெட்டு நவம்பர்ல தெரிஞ்சுது. உதடு வீங்கி ரெண்டு நாள் பேசல."

"படிச்சுச் சொல்றீங்க."

"ஆமா. எனக்குப் படிச்சுத்தான் தெரியும்."

ஞாயிறுதோறும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதையெல்லாம் அவள் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். விழுந்த பல், வந்த காய்ச்சல், பள்ளிக்கூடத்துச் சண்டை. அவள் கேட்டு முடித்ததும் வீட்டு ஸ்வாவா கேட்பாளாம்: அங்கே தெரு என்ன வாசம் அடிக்குது, ரொட்டி என்ன நிறம். 1980 மார்ச்சில், ஒரு வருடம் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடித்தார்கள். வீட்டு ஸ்வாவா லிமாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டு விமான நிலையம்வரை போய்விட்டாள். அன்று பகலில் ஒன்பது வயது உன்னூர் மீன் காயவைக்கும் பரணிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். சேதி கேட்ட வீட்டு ஸ்வாவா, கை கூடட்டும், பிறகு பார்க்கலாம் என்று திரும்பி வந்துவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தப் பேச்சு வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டில் ஏதாவது ஒன்று வந்தது.

உன்னூருக்கு அந்த நாள் நினைவிருந்தது. மருத்துவரின் அறையில் அம்மா விசேஷத்துக்குப் போடும் நல்ல கோட்டில் இருந்தாள். வியர்த்து வழிந்தும் கழற்றவில்லை. பதற்றம் என்றுதான் இத்தனை காலமும் உன்னூர் நினைத்திருந்தாள்.

"என்னாலயா?"

"உன்னாலதான்" என்றாள் ஸ்வாவா. "போகணும்னும் இருந்துச்சு அவளுக்கு. உன்ன விட்டுட்டுப் போகவும் முடியல. ரெண்டையும் எழுதணும்."

உன்னூர் வெகுநேரம் அழுதாள். ஸ்வாவாவுக்கு அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை; நோட்டில் அது இல்லை. காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

"எங்க தங்கப்போற?" என்று கடைசியில் உன்னூர் கேட்டாள்.

"விடுதியில சொல்லி வச்சிருக்கேன்."

"வேண்டாம். அவ கட்டில் காலியாத்தான் கெடக்கு."

செவ்வாய்க்கிழமை நான்காம் பக்கத்தில் மூன்று வரியில் திருத்தம் வந்தது. ஸ்வாவா அந்த வீட்டில் மூன்று குளிர்காலம் இருந்தாள். கஞ்சியைத் தீய்த்தாள். இரண்டாம் குளிர்காலத்தில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாட்களை நோட்டைப் பார்க்காமல் சொன்னாள். ஞாயிறு இரண்டு மணிக்கு அவளும் உன்னூரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்வார்கள். காப்பி ஆறியதும் எழுந்துவிடுவார்கள்.

2012 மார்ச்சில் அவளும் இறந்தாள். உன்னூர் இரண்டாம் முறையாக அம்மாவுக்கு நினைவுக் கட்டுரை எழுதினாள். முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. அதே குழியைத் திறந்து அதிலேயே வைத்தார்கள். கல்லில் ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, இரண்டு இறந்த தேதிகள். கல் கொத்துகிறவர் தொலைபேசியில் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்த்தார். உன்னூர் இரண்டு தேதிகளையும் நிதானமாகச் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார்.