துள்ளாத படகு

பாலிதீன் பைக்குள் அடித்துக்கொண்டிருந்த கைபேசியை நிறுத்துவதற்காகத்தான் வெற்றிச்செல்வி அதன் முடிச்சை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பை. அப்பாவின் கால்சட்டை, சட்டை, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அடியில் கைபேசி. அவள் கை பட்டதும் மணி ஓய்ந்தது. ஆனால் திரை அணையவில்லை; அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து மணி ஐம்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி. பதின்மூன்று. பதினான்கு.

ஸ்டாப் வாட்ச். தொடங்கியவர் நிறுத்தவில்லை.

சுவரில் மணி ஒன்றரை. அவள் பின்னோக்கிக் கழித்துப் பார்த்தாள். காலை ஏழு நாற்பது.

"ஏழரைக்கெல்லாம் போட்ட எடுத்து வண்டியில வச்சுக் கட்டிட்டோம். உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு." அப்பாவின் நண்பர் ஜெயசீலன் வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார்.

படகை எடுத்துக் கட்டிய பிறகு எதன் நேரத்தை அளக்க வேண்டும்?

கால்சட்டையை உதறி விரித்தாள். இரண்டு முழங்கால்களிலும் வெள்ளை மண் அப்பி, காய்ந்து வெடித்திருந்தது. சட்டையின் முழங்கைகளிலும் அதே மண். டீ குடித்தபடி சாய்ந்த மனிதருக்கு முழங்காலில் மண் எப்படி வரும்?

அப்பா உத்திராபதி மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் ஒயர்மேனாக இருந்தவர். ஓய்வுபெற்ற மறுமாதமே, அவள் இப்போது உட்கார்ந்திருந்த இந்தப் பின்னறையைப் பட்டறையாக்கிக்கொண்டார். ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு. கடையில் வாங்கியதன்று, முழுக்கத் தாமே செய்தது. அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு, அந்த அச்சில் மூன்று மில்லி பிளைவுட்டை விலா எலும்புகளாக அறுத்து, மெல்லிய பலகையை வளைத்துப் போர்த்திப் பசையிட்டு, வீட்டிலிருந்த துணிக் கிளிப்புகள் அத்தனையையும் மாட்டிக் காயவைப்பார். ஈரத்துணியோடு அம்மா வாசலில் நின்று கத்துவாள். மரம் இவர் வேலை. நீரைத் தள்ளும் விசிறியும் அதைத் தாங்கும் பித்தளைக் காலும், லேத் பட்டறை வைத்திருந்த ஜெயசீலன் வேலை. முதல் படகு உடைந்து போயிற்று. இரண்டாவது படகு வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கித் துள்ளும். துள்ளித் துள்ளிக் கவிழும். நான்கு மாதமாக அந்தத் துள்ளலை அடக்குவதே இருவருக்கும் பிழைப்பாயிருந்தது. பேட்டரியை அரை அங்குலம் முன்னே தள்ளுவார்கள். பித்தளைக் காலை ஒரு நூல் உயர்த்துவார்கள். ஞாயிறு விடிந்ததும் அரியலூர்ப் பக்கம், தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பழைய சுண்ணாம்புக்கல் குழியில் விட்டுப் பார்ப்பார்கள். முகம் தொங்கப் பெரம்பலூர் திரும்பி மறுபடி தொடங்குவார்கள்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி அழுகை ஓய்ந்து பேச்சு தொடங்கியிருந்தது.

"அஞ்சு மணிக்கு அந்த ஜெயசீலன் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனான். பதினோரு மணிக்கு வேன்ல கொண்டாந்து எறக்குறான்," என்றாள் அத்தை பெரியம்மாள். "கரண்டுக் கம்பத்துல தொங்குனப்பல்லாம் ஒண்ணும் ஆவாத என் தம்பி, பொம்மக் கப்பல் வுடப் போயி செத்தான்னா நம்புற மாதிரியா இருக்கு?"

"பொம்ம இல்லக்கா, பந்தய போட்டு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"ஆமாமா. அதுல ஏறி சிங்கப்பூர் போவப் பாத்திருப்பான்."

யாரோ சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். அம்மா காத்தாயி மட்டும் நிமிரவில்லை. பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

சித்தப்பா ரஞ்சித்குமார் பின்னறை வாசலில் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா வெற்றி, ஆஸ்பத்திரியில சந்தேகம் எதுவும் இல்லன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவசரப்பட்டுட்டேனோன்னு இருக்கு. அந்தாளப் பாரு. காலையிலேருந்து ஒருத்தர் மூஞ்சியையும் பாக்க மாட்டேங்குறான். எங்கய்யா அந்த போட்டுன்னு கேட்டா வாயத் தொறக்கல. நாலு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள நீ ஒரு வார்த்த சொல்லு, ஸ்டேஷனுக்குப் போனப் போட்டுர்றேன். அறுத்துப் பாக்கட்டும்."

வெற்றிச்செல்வி தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் இசிஜி எடுப்பவள். அறுத்துப் பார்ப்பது என்றால் என்னவென்று சித்தப்பாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா," என்றாள். கைபேசியை ஏன் துப்பட்டாவுக்குள் மறைத்தாள் என்பது அவளுக்கே விளங்கவில்லை.

அவள் சிறுமியாக இருந்தபோது அப்பா ஒரு கதை சொல்லியிருந்தார். இரண்டு மாடுகள் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போயின. வழியில் ஒன்று விழுந்து செத்தது. ஊர் கூடி மற்ற மாட்டைச் சுற்றி நின்றது. அது தலையைக் குனிந்துகொண்டது. குனிந்த தலையையே பதிலாக எடுத்துக்கொண்டு ஊர் கலைந்து போயிற்று. "அந்த மாடு என்னப்பா நெனச்சிச்சு?" என்று மகள் கேட்டாள். "அத யாரும் கேக்கலையேம்மா," என்றார் உத்திராபதி.

அவள் எழுந்து பின்வாசல் வழியே வெளியே போனாள்.

பந்தலுக்குப் பின்னால், தண்ணீர் டிரம்மின் அருகே, ஜெயசீலன் குத்துக்காலிட்டு அமர்ந்து, வந்தவர்கள் குடித்து வைத்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியவற்றையே மீண்டும் கழுவினார்.

"அங்கிள்."

"சொல்லு பாப்பா." அவர் நிமிரவில்லை.

அவள் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். எண்கள் ஓடின. டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி வாளிக்குள் போயிற்று.

"ஏழரைக்கே கட்டிட்டோம்னு சொன்னீங்க. இது ஏழு நாப்பதுக்கு ஆரம்பிச்சிருக்கு. அப்பா முட்டியெல்லாம் மண்ணு. என்ன செஞ்சீங்க எங்கப்பாவ?"

அவர் வாளிக்குள் கையை விட்டு டம்ளரைத் தேடினார். "ஒண்ணும் செய்யல பாப்பா. ஒண்ணுமே செய்யல. அதான்."

அவள் கைபேசியைத் தாழ்த்தவில்லை.

"பித்தளக் கால ஒரு நூல் ஏத்துனோம். அண்ணன் சொன்ன அளவுதான். ரிமோட்ட என் கையில குடுத்துட்டு, 'நீ ஓட்டுறா, ஆறு சுத்து, நான் நேரம் பாக்குறேன்'னாரு. எனக்குப் பின்னாடி, பத்தடி தள்ளி மேட்டுல நின்னாரு. மொதச் சுத்து துள்ளல. ரெண்டாவதும் துள்ளல. பின்னாடி கை தட்டுற சத்தம் கேட்டுச்சு. மூணாவதுல, 'ஜெயசீலா'ன்னாரு."

ஈரக்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தோசத்துல கூப்புடுறாருன்னு நெனச்சேன். 'பாத்துக்கிட்டுதான்ணே இருக்கேன்'னேன். இன்னொரு தடவ கூப்புட்டாரு. நான் திரும்பல."

ரிமோட் பிடித்தவன் படகிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது; அது அப்பா போட்ட சட்டம். ஒருமுறை உடன் வந்திருந்த அம்மா பின்னாலிருந்து சாப்பிடக் கூப்பிட, அப்பா தலை திருப்பிய நொடியில்தான் முதல் படகு பாறையில் மோதி வாய் பிளந்தது. அதன்பின், வானம் இடிந்து விழுந்தாலும் திரும்பாதே என்று ஜெயசீலனுக்கு அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்! பக்கத்திலிருந்து இவளே கேட்டிருக்கிறாள்.

"ஆறு சுத்தும் முடிச்சுக் கரையேத்திட்டு, 'எவ்ளோண்ணே வந்துச்சு'ன்னு கேட்டுக்கிட்டே திரும்புனேன். மேட்டுல ஆள் இல்ல. என் காலுக்கு மூணடியில குப்புறக் கெடந்தாரு. தவழ்ந்து வந்திருக்காரு பாப்பா." அவர் முதன்முறையாகத் தலையை உயர்த்த முயன்று, முடியாமல் விட்டார். "நாலு சுத்து. ஒண்ணர நிமிசம் இருக்கும். நீ ஆஸ்பத்திரியில வேல பாக்குற. சொல்லு. திரும்பியிருந்தா பொழச்சிருப்பாரா?"

அவளிடம் இரண்டு விடைகள் இருந்தன. இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடியவை. பந்தலில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஒலி கேட்டது.

"போட்டு எங்க?"

"கரையிலயே கெடக்கு. தொட முடியல என்னால."

"துள்ளவே இல்லையா?"

"இல்ல." நனைந்த விரலால் டிரம்மின் மூடிமேல் ஒரு கோடு இழுத்தார். "இப்படிப் போச்சு."

"அப்பா பாத்தாரா?"

"ரெண்டு சுத்தும் பாத்தாரு."

பின்வாசலில் செருப்புச் சத்தம். ரஞ்சித்குமார் வந்தார், பின்னால் பெரியம்மாளும் வந்தாள்.

"என்னம்மா சொல்றான்? நேரம் ஆவுது. ஸ்டேஷனுக்குப் போடவா வேணாமா? அண்ணன் போன இப்படிக் குடு, ஈ.பி. சங்கத்துக்காரங்க நம்பரு அதுலதான் இருக்கு."

வெற்றிச்செல்வி திரையைத் தன் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினாள். எண்கள் நின்றன. இன்னொருமுறை அழுத்தினாள். சுழியங்கள் வரிசையாக வந்து நின்றன. கைபேசியைச் சித்தப்பாவிடம் கொடுத்தாள்.

"டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்பதான் சித்தப்பா. பிளாஸ்க் டீயில சக்கர பத்தலன்னு அம்மாவத் திட்டிக்கிட்டே ரெண்டாவது டம்ளர் கேட்டாராம். அப்படியே சாஞ்சுட்டாரு."

ஜெயசீலன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

ரஞ்சித்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"டாக்டரு தலபாடா அடிச்சுக்கிட்டாரு, சக்கரையத் தொடாதய்யான்னு." சித்தப்பாவின் வாய் கோணிற்று. "கேட்டாத்தானே... கேக்கவே மாட்டான் என் அண்ணன்..." காலையிலிருந்து பந்தலுக்கும் ஆட்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெரியம்மாள் தம்பியின் முதுகில் கை வைத்தாள்.

நாலு மணிக்குக் கொட்டுச் சத்தம் எழுந்தது. பாடையை மூன்று மூலைகளில் பங்காளிகள் பிடித்தார்கள். நான்காவது மூலைக்கு யாரென்று சித்தப்பா சுற்றிலும் பார்த்தபோது, "அங்கிள், நீங்க புடிங்க," என்றாள் வெற்றிச்செல்வி. பெரியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

ஜெயசீலன் மற்றவர்களைவிட அரையடி உயரம். பாடை தோளேறியதும் அவர் பக்கம் மேலேறி, உத்திராபதியின் தலை ஒருபுறமாகச் சாய்ந்தது. அவர் முழங்கால்களை மடித்துத் தம்மைத் தாழ்த்திக்கொண்டார். பாடை மட்டத்துக்கு வந்தது. பெண்கள் நின்றுவிட்ட தெருமுனையிலிருந்து வெற்றிச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். மடித்த முழங்கால்களோடே, சின்னச் சின்ன அடிகளாக எடுத்துவைத்து, ஒரு குலுக்கலும் இல்லாமல், அவர் தெரு திரும்பும்வரை நடந்து போனார்.