வரப்புக்கு வெளியே நின்றவர்

1

இதை எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர். பத்திரிகைக்கு இல்லை, கோர்ட்டுக்கு. "நீதான் கதையெல்லாம் எழுதறவளாச்சே. பாத்தத வக்கீலுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடு" என்றார் பாலகுரு. என்ன பார்த்தேன் என்பதையும் அவரே சொன்னார். வெட்கமாக இருக்கிறது. கோர்ட்டுக்கான தாளைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "2006, சித்திரை மாதம். மரக்காணம் உப்பளத்தில் வெயில்..." (வேண்டாம். எத்தனை கதையைத்தான் வெயிலை வைத்தே ஒப்பேற்றுவது?)

அடுத்தது: "பிரதிவாதி சிங்காரம் அடியாட்களுடன் வரப்பைத் தாண்டி உள்ளே இறங்கி..." (கை தானாக எழுதியது. இதைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று நீங்களும் பாருங்கள்.)

3

நடந்தது இதுதான். 2004 கார்த்திகையில் சிங்காரத்தின் உப்பளத்தை வாங்க ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தோம். அடுத்த மாதமே கடல் ஊருக்குள் வந்தது. "கடல் பூந்த நெலத்த எவன் வாங்குவான்?" என்று பாலகுரு ஒதுங்கிவிட்டார். பத்திரத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி சிங்காரம் நடையாய் நடந்தார்.

இந்த வருஷம் கடற்கரைச் சாலையோரம் விலை எகிறியது. எங்களுக்கு உடனே ஒப்பந்தம் ஞாபகம் வந்துவிட்டது. பழைய விலைக்கு அவர் மறுத்தார். நாங்கள் தடை உத்தரவு வாங்கினோம்: வழக்கு முடியும்வரை சிங்காரம் நிலத்தை வேறு யாருக்கும் விற்கக் கூடாது, உள்ளேயும் இறங்கக் கூடாது.*

* ஒப்பந்தம் போட்ட அன்றே உப்பளம் எங்கள் அனுபவத்துக்கு வந்துவிட்டதாக மனு சொல்கிறது. நாங்கள் அங்கே ஒரு நாளும் காலை நனைத்ததில்லை.

4

உத்தரவு வந்தபோது பாத்திகளில் உப்பு விளைந்து கிடந்தது. போன வாரம் வானம் கறுத்தது. ஒரு மழை போதும், எல்லாம் கரைந்துவிடும். பாலகுருவும் நானும் பைக்கில் போய்ப் பார்த்தோம். சிங்காரம் ரோட்டில் நின்றார். அவர் மனைவி குப்பம்மாள் தனியாக உப்பு வாரிக்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல வுட்டுட்ட பாரு, இழுத்து வாரு!"

"நீ வந்து வாரேன்யா!"

"எம் பேருதாம்மே போட்டிருக்குது. ஒம் பேரு போடல."

உத்தரவில் பேர் உள்ளவர்தான் இறங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். (மனைவியை இறக்கினாலும் மீறல்தான் என்கிறார் வக்கீல்.) காற்றில் அவர் துண்டு பறந்து உள்ளே விழுந்தது. அதைக்கூட எடுக்கவில்லை. அவள் கொண்டுவந்து கொடுக்கும்வரை வரப்போரமாகவே நின்றார்.

"பாத்துக்கிட்டியா? உத்தரவ மீறிட்டான்" என்றார் பாலகுரு.

"அவரு ரோட்லதானங்க நிக்கிறாரு?"

"எறங்கினான்னு எழுது. கூட நாலு பேருன்னு எழுது."

பெண்டாட்டி வாரினாள் என்றால் நீதிபதி இரங்கிவிடுவாராம். அடியாள் இருந்தால் சிங்காரத்தைச் சிறையில் போடலாம். அதற்குப் பயந்து பழைய விலைக்கே எழுதிக் கொடுத்துவிடுவார். இதுதான் கணக்கு.

5

குப்பம்மாளைக் கோபக்காரியாக எழுதலாமா என்று பார்த்தேன். என் வாசலில் மண்ணை வாரித் தூற்றினால் கதைக்கு நல்லது, எனக்கும் நிம்மதி. ஆனால் இன்று காலை பின்கட்டுக்கு வந்தவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அக்கா, நீங்கதான் சாட்சியாமே. அவரு எறங்கலன்னு நீங்க சொல்ல வேணாம். வூட்டுக்காரருக்கு எதிரா எப்படிச் சொல்லுவீங்க? நான் எதுவும் பாக்கலன்னு சொல்லிடுங்க, போதும். உங்களுக்கும் பொல்லாப்பு இல்ல."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் நின்றேன்.

6

ஆக, முடிவுகள் மூன்று. சிங்காரம் இறங்கினார் என்று கையெழுத்துப் போடுவது. இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு இந்த வீட்டில்... (இந்த வாக்கியம் முடியவே மாட்டேன் என்கிறது.) மூன்றாவது, குப்பம்மாள் கொடுத்தது.

தன் புருஷன் ஜெயிலுக்குப் போகவிருக்கும் நேரத்தில்கூட அவள் என் குடும்பத்தைப் பற்றி யோசித்திருக்கிறாள். என்னால் சொல்ல முடிகிற அளவுக்கு உண்மையைச் சின்னதாக்கிக் கொண்டுவந்து கேட்டிருக்கிறாள். அதையாவது கோர்ட்டில் சொல்வேனா?

நாளைக்கு வாய்தா. தாள் மேஜைமேல் இருக்கிறது, பேனா என் கையில் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த முடிவை எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து என்னை நம்பி மட்டும் எழுதிவிடாதீர்கள்.