உடைந்த தேங்காய் இங்கே கிடைக்கும்

கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுத்த தேங்காயைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எங்கள் கடைத் தேங்காய் இல்லை. நாங்கள் குடுமியை இவ்வளவு மொட்டையாகச் சிரைக்க மாட்டோம். கல்யாணம் வேறு யார் வீட்டிலும் இல்லை, செமோரில் என் நாத்தனார் விமலாவின் மகளுக்குத்தான். ஈப்போவில் இருபது வருடமாகத் தேங்காய்க் கடை வைத்திருக்கும் சொந்த அண்ணனை விட்டுவிட்டு யாரிடமோ வாங்கியிருக்கிறாள். எனக்குப் பந்தியில் சோறு இறங்கவில்லை. கோபம் வந்தால் எனக்கு முதலில் பசிதான் போகும்.

கை கழுவிய ஈரத்தோடு போய் அவளையே கேட்டேன்.

"அய்யோ அண்ணி, நான் கல்யாண அலைச்சல்ல இருந்தேன்லா. சாமானெல்லாம் பையன்தான் போன்ல தேடி ஆர்டர் பண்ணான். 'மாமா கடை எங்கயுமே வரலம்மா, மூடிட்டாங்க போல'ன்னு சொன்னான்."

மூடிவிட்டோமாம். முன்வீதியில் இருந்த கடையைக் கட்டட முதலாளி திருப்பிக் கேட்டதால் பின் சந்துக்கு மாறினோம், அவ்வளவுதான். ஆனால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சந்துக்கு வந்ததிலிருந்து பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேரைக் காணோம். மீதிப் பேர் பெட்டியில் வரும் தேங்காய்ப் பாலுக்கு மாறிவிட்டார்கள். காலையில் துருவல் மெஷின் ஓடுகிற சத்தத்தைவிட என் கணவர் கொட்டாவி விடுகிற சத்தம்தான் அதிகம்.

அன்று லாரியில் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் சொன்னார்.

"காய்கறி ஏத்துற நம்ம பத்துமலை லாரிய வெலைக்குக் கேக்குறான். தைப்பூச ஆர்டர் ஒண்ணு இருக்கு, அத முடிச்சுட்டுக் குடுத்துடலாம்னு சொல்லிட்டேன்."

"லாரிய குடுத்துட்டு?"

"அப்பார்ட்மெண்டுல ஜாகா வேலை இருக்கு. கேட்டுல உக்காந்துகிட்டே காவல் பாக்குறதுதான்."

விக்னேஸ்வரன் என்ற இந்த மனிதர் பிறந்தது பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில். தட்டிப் பார்த்தே தேங்காயின் வயதைச் சொல்லிவிடுவார். அவர் போய் யாரோ வீட்டுக் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? எனக்கு அழுகை வந்தது. அவருக்காக மட்டும் இல்லை. எனக்கு அந்தக் கடை பிடிக்கும். காலையில் கதவைத் தூக்கியதும் வரும் அந்த ஈர நார் வாசனை பிடிக்கும், வருகிறவர்களோடு வம்பளப்பது பிடிக்கும். வீட்டில் உட்கார்ந்து சுவரோடு பேச என்னால் முடியாது.

"நாமளும் போன்ல வர்ற மாதிரி செய்றேன்," என்றேன்.

"என்னது?"

"நம்ம கடைக்கு வெப்சைட் போடப் போறேன்."

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "நாய் பெற்ற தெங்கம்பழம்னு கேள்விப்பட்டிருக்கியா? உருட்டத் தெரியும், உடைக்கத் தெரியாது. ஒன் கையில போன் இருக்கிறது அந்தக் கததான்."

நாய் என்று என்னைத்தான் சொன்னார். அதன்பிறகு நான் எப்படி விடுவேன்?

இலவசமாகப் பக்கம் போடுகிற இடம் ஒன்றை போனிலேயே கண்டுபிடித்தேன். முதல் நாள் எழுதியதெல்லாம் அழிந்து போனது. இரண்டாம் நாள் கடையின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. பிறகு பார்த்தால் நான்தான் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். ஒரு வாரத்தில் ஒரு வழியாக ஒப்பேற்றிவிட்டேன். கடையின் படம், சந்துக்குள் எப்படி வருவது என்று காட்டும் வரைபடம், திறக்கும் நேரம், போன் நம்பர். கணவரை நல்ல சட்டை போடச் சொல்லி தேங்காய்க் குவியல் முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் நின்றார்.

கீழே என்னென்ன கிடைக்கும் என்று தமிழில் எழுதினேன். துருவிய தேங்காய், பிழிந்த பால், பூஜைத் தேங்காய், சிதறு தேங்காய். சிதறு தேங்காய்தான் தைப்பூசத்துக்கு முக்கியம். தேர் வரும்போது ரோட்டில் ஓங்கி உடைப்பதற்கு மூட்டை மூட்டையாகப் போகும். கடைசியில் "மற்ற மொழிகளிலும் காட்டவா?" என்று அது கேட்டது. சும்மா கிடைப்பதை விடுவானேன்? எல்லாவற்றிலும் சரி என்று அழுத்தினேன்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் கடை போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். ஒரு மலாய்க்காரப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது.

"கெலாப்பா பெச்சா ஆடா?"

உடைந்த தேங்காய் இருக்கிறதா என்று கேட்கிறாள். அவர் முகம் சிவந்துவிட்டது. எங்கள் கடையில் அப்படி எதுவும் கிடையாது என்று மலாயில் சொல்லி டக்கென்று வைத்தார்.

"யாரோ வேணும்னே கிண்டல் பண்றாங்க. உடைஞ்ச தேங்கா விக்கிறவனா நான்?"

சாயங்காலம் இன்னொரு போன், அதே கேள்வி. மறுநாள் காலையில் வந்த மூன்றாவது போன் தமிழில் வந்தது. அதுதான் எங்கள் தலையில் இடியைப் போட்டது. தைப்பூச ஆர்டர் கொடுத்திருந்த கோயிலின் செயலாளர் மயில்வாகனம் ஐயா. யாழ்ப்பாணத்து ஆள், கறாரானவர், ஆனால் மரியாதையாகப் பேசுவார்.

"பிள்ளை, உங்கட பக்கத்தை இங்கிலீசில பார்த்தனான். உடைஞ்ச தேங்காய் விக்கிறம் எண்டு போட்டிருக்கு. சாமிக்கு உடைஞ்சதையோ தரப் போறீங்கள்? கமிட்டியில எல்லாரும் கேக்கினம்."

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திறந்து மலாயிலும் இங்கிலீஷிலும் பார்த்தேன். நான் எழுதிய சிதறு தேங்காய் ஒன்றில் கெலாப்பா பெச்சா ஆகியிருந்தது. மற்றதில் புரோக்கன் கோகோனட். உடைப்பதற்கான தேங்காயை அந்தப் பாழாய்ப்போன மெஷின் உடைந்துபோன தேங்காயாக ஆக்கிவிட்டது. இருக்கிற ஒரே பெரிய ஆர்டரும் என்னால் போகப் போகிறதா? நடந்ததை மறைக்காமல் ஐயாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"சரி பிள்ளை. பின்னேரத்துக்குள்ள திருத்துங்கோ. கமிட்டிக்கு நான் காட்ட வேணும்."

என் கணவர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அழிச்சிடு புனிதா, மொத்தமா அழிச்சிடு. நமக்கு இதெல்லாம் வேணாம்," என்றார் மெதுவாக. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

அழிக்கிற இடம் எங்கே இருக்கிறதென்று நான் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வேன் சந்துக்குள் திணறிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. தலையைச் சுற்றித் தூடோங் துணி போட்ட ஒரு மலாய்க்கார அம்மா இறங்கினார். கையில் போன், போனில் எங்கள் வரைபடம்.

"ரெண்டு தடவ போன் பண்ணேன், இல்லன்னுட்டீங்க. இதுல இருக்குன்னு போட்டிருக்கே," என்றார் மலாயில். பெயர் ரொஹானா. ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறிக்குப் போடுகிற கெரிசிக் செய்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கெரிசிக் என்றால் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து எண்ணெய் விடும்வரை இடிப்பது.

"எனக்கு எதுக்குக்கா முழுத் தேங்கா? வீட்டுக்குப் போனதும் நானே உடைக்கத்தானே போறேன். அன்னிக்கு உடைஞ்சதா இருந்தா போதும், வெல கொறச்சுக் குடுங்க."

நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் காய் எடுக்கிற ஹுத்தான் மெலிந்தாங் பக்கத் தோட்டத்து மண் ரோட்டில் குதித்துக் குதித்து வருகிற லாரியில் ஒவ்வொரு தடவையும் எத்தனையோ காய் விரிசல் விட்டுவிடும். தண்ணீர் வடிந்த காயைச் சாமிக்கும் வாங்க மாட்டார்கள், கல்யாணத்துக்கும் வாங்க மாட்டார்கள். ஆட்டுக்காரர் வந்தால் அள்ளிப் போவார், இல்லையென்றால் குப்பைக்குத்தான். அன்று காலை இறக்கிய லோடில் விரிசல் விட்டவை பின்கட்டில் ஒரு மூட்டை கிடந்தன.

என் கணவர் ஒரு காயை எடுத்து முகர்ந்து பார்த்தார். ரொஹானாவும் வாங்கி முகர்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். மூட்டை முழுவதும் வேனில் ஏறியது.

"இது பத்தாது. மீதிக்கு முழுசாவே குடுங்க," என்றார் ரொஹானா. "இனிமே வாரத்துக்கு ரெண்டு தடவ வாரேன். நான் மஞ்சோயிலேர்ந்து பத்து நிமிஷத்துல வந்துருவேன். இங்க இப்படி ஒரு கடை இருக்கிறதே தெரியாதே எனக்கு."

வேன் போனபிறகு நான் பக்கத்தை அழிக்கவில்லை. உட்கார்ந்து திருத்தினேன். இந்தத் தடவை மெஷினை நம்பாமல் மலாயையும் நானே எழுதினேன். இங்கிலீஷுக்கு மயில்வாகனம் ஐயாவையே போனில் பிடித்தேன். சாமிக்கு முழுசு, சமையலுக்கு உடைசல் என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டேன். ஐயா ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்ததோடு, பூஜைத் தேங்காய்க்குக் குடுமி இருக்கும் என்பதையும் சேர்க்கச் சொன்னார். தைப்பூச ஆர்டர் தப்பியது.

அதன்பிறகு போன் அடித்தால் அவர் எடுக்கும் முன்பே நான் எடுத்துவிடுவேன். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற ஒரு சீனப் பையன் காலை ஆறு மணிக்குப் பால் வேண்டும் என்றான். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து, நாங்கள் ஊரை விட்டே போய்விட்டதாக நினைத்தேன் என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். விமலாவின் மகன்கூட எங்கள் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தான். கடையில் ஒரு தேங்காய்கூட வாங்காமல் கொடுத்த நட்சத்திரம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற குடும்பம் அது, வேறெப்படி இருக்கும்?

ஆனால் லாரியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாரோ என்று பயம். தைப்பூசம் வந்தது, சிதறு தேங்காயெல்லாம் ரோட்டில் சிதறியது, தேர் போனது. ரெண்டு நாள் கழித்துக் காலையில் அவர் லாரியை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார். பத்துமலையிடம் ஒப்படைக்கத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் துருவல் மெஷினைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆனபோது பத்துமலையே நேரில் வந்து நின்றான். அவன் மச்சான் ஒருவன் மோட்டார் சைக்கிளில் இறக்கிவிட்டுப் போயிருந்தான்.

"லாரி எங்கக்கா? அண்ணே இன்னிக்குத்தானே தாரேன்னாரு."

அவருக்குப் போன் போட்டேன். நாலைந்து தடவை அடித்தபிறகு, லாரியை ஓரம் கட்டிவிட்டு எடுத்தார்.

"எங்க இருக்கீங்க? பத்துமலை வந்து நிக்கிறான்."

"ஹுத்தான் மெலிந்தாங்குல. லோடு ஏத்திட்டு வந்துகிட்டு இருக்கேன்," என்றார். "லாரி விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லிடு."

"அத நீங்களே அவன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"இரு, எனக்கு நேரமில்ல. ரொஹானாவுக்கு உடைசல் பத்தலயாம், நேத்துகூட திட்டுனாங்க. நல்ல பள்ளமாப் பாத்து லாரிய ஏத்தி எறக்கிட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பத்துமலை ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். பாவம், லாரியை ஓட்டிப்போகலாம் என்று வந்தவன். வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவது முறையில்லை என்று இரண்டு தேங்காயைப் பையில் போட்டுக் கொடுத்தேன். முழுத் தேங்காய்தான்.