இரண்டாவது காய்

“இது பூசணியா, முலாம்பழமா?” என்று கேட்டாள் லீமா.

பக்கத்து வீட்டு மெஹர்பானு இரண்டு காய்களையும் சமையல் மேடையில் வைத்தாள். மஞ்சள் தோல், நீள்வட்டம், ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் தலை அளவு. அபுதாபியின் ருவைஸ் கடைத்தெருவில் அவள் கணவர் காய்கறிக் கடை வைத்திருந்தார்.

“ஸ்பகெட்டி ஸ்குவாஷாம். வெள்ளைக்காரங்க கேட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரரு ஒரு பெட்டி இறக்குனாரு. கேட்டவங்க லீவுல போயிட்டாங்க. வேகவச்சு முள்கரண்டியால சுரண்டுனா இடியப்பம் மாதிரி இழை இழையா வரும் புள்ள. சர்க்கரையும் ஏறாது. வவுத்துல ரெண்டு இருக்குல்ல, அதான் ஆளுக்கு ஒண்ணு.”

லீமா சிரித்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான கர்ப்பம் அது. போன வாரம் ஸ்கேனில் இரண்டு உயிர் என்று தெரிந்தது. கூடவே சர்க்கரையும் வந்துவிட்டது. அரிசி, இடியப்பம் எல்லாவற்றுக்கும் டாக்டர் தடை போட்டிருந்தார். கிளினிக்கில் நர்ஸாக இருந்துகொண்டு அவளால் டாக்டரை ஏமாற்றவும் முடியாது.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த இஸ்ரவேலிடம் கத்தியை நீட்டினாள். அவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் டெக்னீஷியன்.

“நீங்க வெட்டுங்க. புள்ளத்தாச்சி முழுப் பூசணியில கத்தி வைக்கப்பிடாதுன்னு ஊருல சொல்லுவாங்கல்லா.”

“ஊருக்கெல்லாம் ஊசி குத்துத நர்ஸுக்கு பூசணிக்காயக் கண்டா பேடியா? கொண்டா இங்க.”

மெஹர்பானு சொன்னபடி காயைக் குறுக்கே வெட்டினான். அப்படி வெட்டினால்தான் இழை நீளமாக வருமாம். விதைகளை வழித்து எறிந்து, எண்ணெயும் உப்பும் தடவி, கவிழ்த்து வைத்து ஓவனில் வேகவிட்டாள் லீமா. முள்கரண்டி பட்டதும் சதை பொன்னிற நூலாகப் பிரிந்தது. ஒரு பாதிக்குக் கட்டித் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும். இன்னொரு பாதியைக் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வதக்கிய இறாலோடு பிரட்டினாள்.

“எட்டி, இது சோத்தத் தோக்கடிச்சிரும் போல இருக்கே!” என்று இஸ்ரவேல் இரண்டாவது தட்டையும் வழித்தான். லீமாவும் போட்டி போட்டுக்கொண்டு தின்றாள். ஒரு நூல் மிச்சமில்லை.

அடுத்த ஸ்கேனில் ஒரு உயிர்தான் இருந்தது.

“சில சமயம் இப்படி ஆவதுண்டு. ஒன்று வளராமல் நின்றுவிடும். தாயின் உடம்பே அதைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். உன் மேல் ஒரு தவறும் இல்லை” என்றார் டாக்டர். லீமா தலையாட்டினாள். இதே வார்த்தைகளை எத்தனையோ பெண்களிடம் அவளும் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது காய் குளிர்பெட்டியின் மேலே ஏறியது. அதைச் சமைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மிச்சமிருக்கும் பிள்ளையைப் பற்றிய பயத்தில் லீமா இதயத்துடிப்பைக் கேட்க ஒரு சின்ன டாப்ளர் கருவி வாங்கிவிட்டாள். தினமும் காலையில் அதை வயிற்றில் வைப்பாள். குதிரை ஓடுகிற மாதிரி படபடவென்று சத்தம் கேட்கும். கேட்டால்தான் டியூட்டிக்குக் கிளம்புவாள்.

ஆறாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். வெளியே புழுதிக்காற்று. ஜன்னல் முழுக்க மஞ்சளாகி, எதிர்க் கட்டடம் மறைந்துபோயிருந்தது. இஸ்ரவேல் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்குப் போயிருந்தான். பசித்தது. வீட்டில் காய்கறி எதுவும் இல்லை. லீமாவின் கண் குளிர்பெட்டியின் மேலே போனது.

ஊருக்குப் போகும் முன் மெஹர்பானு ஒரு வழி சொல்லியிருந்தாள். “வெட்ட பயமா இருந்தா முழுசாவே வேகவையி. தோலுல நாலஞ்சு ஓட்டை மட்டும் போட்டுரு. இல்லேன்னா உள்ளுக்குள்ள வெடிச்சிரும்.”

வெட்டினால்தானே குற்றம் என்று லீமா ஓவனைப் போட்டுவிட்டுக் காயைச் சாப்பாட்டு மேஜையில் இறக்கினாள். இத்தனை மாதமாகியும் தோலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஏசி குளிரிலும் கதகதவென்று இருந்தது. கபாப் கம்பியை எடுத்து ஒரு குத்து குத்தினாள்.

அடிவயிற்றில் சுருக்கென்றது.

பிள்ளை உதைக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது குத்து குத்தினாள். ஊசி ஏற்றியதைப் போன்ற வலி. கம்பி கீழே விழுந்தது. இரண்டு துளைகளிலிருந்தும் நிறமில்லாத நீர் கசிந்தது.

சாப்பாட்டு மேஜையருகே உட்கார்ந்து டாப்ளரை வயிற்றில் வைத்தாள். தன் சொந்த நாடி மட்டும் மெதுவாகத் துடித்தது. இடம் மாற்றினாள். அழுத்தினாள். மல்லாந்து படுத்துப் பார்த்தாள். குதிரைச் சத்தம் எங்கேயும் இல்லை.

இஸ்ரவேலுக்குப் போன் போட்டாள். “உடனே வாங்க. சத்தம் கேக்கல்ல.”

போனை மேஜையில் வைக்கும்போது கை தட்டி, அங்கே அணைக்காமல் வைத்திருந்த டாப்ளர் உருண்டது. காயின் ஈரத்தில் போய் ஒட்டியது.

வீடு முழுக்கக் குதிரை ஓடியது.

இஸ்ரவேல் தலையெல்லாம் புழுதியாக ஓடிவந்தபோது லீமா தரையில் உட்கார்ந்து காயை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள்.

“எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம். இத எதுக்குப் பிடிச்சிட்டு இருக்க?”

“பிள்ள இதுக்குள்ள இருக்கு.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கத்தியை எடுத்தான். “லீமா, மக்கா, இஞ்ச பாரு. நான் வெட்டிக் காட்டுதேன். உள்ள விதைதான் இருக்கும். பாத்துட்டுப் போவம்.”

“வெட்டாண்டாம்! ஒருக்கா கேட்டுட்டுப் பொறவு வெட்டுங்க.”

அவளே டாப்ளரைக் காயில் வைத்தாள். இஸ்ரவேலின் முகம் மாறியது. மெஷின் சத்தமும் கோளாறும் அவனுக்குப் பழக்கம். குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். ஏசியை நிறுத்தினான். ஓவனை அணைத்தான். வீடு அடங்கியது. காற்று மணலை ஜன்னலில் எறிந்தது. குதிரை மட்டும் நிற்கவில்லை.

அவன் கத்தியின் முனையைத் தோலில் லேசாகப் படவைத்தான். துடிப்பு தறிகெட்டு ஓடியது.

கத்தியைத் தூர எறிந்தான். திரும்பிக் கேட்டான். “அப்போ... மொதல் காய்?”

லீமா அவன் வாயைப் பொத்தினாள்.

இரண்டு துளைகளையும் பஞ்சால் துடைத்து பிளாஸ்டர் ஒட்டினாள். காயை வயிற்றோடு சேர்த்து அணைத்துச் சுருண்டு படுத்தாள். இஸ்ரவேல் டாப்ளரை இங்கும் அங்கும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தான். காயில் சத்தம் தேய்ந்தது. வெகு ஆழத்திலிருந்து கிளம்பி வருவதைப்போல வயிற்றில் குதிரை மறுபடி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் நலம் என்றார்கள்.

அதற்குப் பிறகு லீமா வேலைக்குப் போகவில்லை. காயைத் துணியில் சுற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். கார் பயணத்தில் மடியிலும் தூக்கத்தில் வயிற்றோரமும் அது இருந்தது. பிரசவ அறைக்கு வெளியே இஸ்ரவேல்தான் அதைக் கையில் ஏந்தி நின்றான். உள்ளே அழுகுரல் கேட்ட நொடியில் அவன் கையில் கனம் குறைந்தது. காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்தான். விதைச் சத்தம்கூட இல்லை. வெறும் ஓடு.

பெண் குழந்தை. இடது தோளில், ஆறிய தழும்பாக, இரண்டு புள்ளிகள்.

அந்த வெற்றுக் காயைக் குடியிருப்புக்கு வெளியே மணலில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தான் இஸ்ரவேல். எங்கே புதைத்தான் என்று லீமா கேட்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மெஹர்பானு குழந்தையைப் பார்க்க வந்தாள். அள்ளி மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சினாள்.

“மாஷா அல்லாஹ், என்னா அழகு! தோளுல என்னடி, ரெட்டை மச்சமா?” திடீரென்று நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள். “ஆமா, நான் ரெண்டு காய் கொடுத்தேனே, என்ன பண்ணுன? கடையில மிச்சமெல்லாம் ரெண்டே மாசத்துல அழுகிப் போச்சாம். ரெண்டையும் சமைச்சியா?”

“ஒண்ணுதான்.”

“எப்படி இருந்துச்சு?”

இஸ்ரவேல் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். லீமா குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“நல்லா இருந்துச்சு அக்கா. மிச்சம் வைக்காம தின்னுட்டோம்.”