கோவளத்துப் பாறையில் பெண் பார்த்தல்

எங்கள் அப்பா சத்தியநாதன் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். தெரிந்த விஷயத்தைச் சத்தமாகச் சொல்வார், தெரியாத விஷயத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். இல்லாவிட்டால், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களைக் கடற்கரைப் பாறைகளில் நடக்கவைக்க வேண்டும் என்று எந்த அப்பாவுக்காவது தோன்றுமா?

தொடங்கிவைத்தவர் எனக்குப் பேசிய மாப்பிள்ளை ஜேசனின் அப்பா வேதசிரோமணிதான். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேச கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், தினமும் காலையில் ஏரியைச் சுற்றி வேக நடை நடப்பதாகப் பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சமதரையில் நடப்பதெல்லாம் ஒரு நடையா, பாறையும் மணலுமாக இருக்கும் கரையில் நடந்தால்தான் கால் கால்மாதிரி இருக்கும் என்றார். காபி ஆறுவதற்குள் பஜ்ஜியும் கேசரியும் ரத்தாகிவிட்டன. அடுத்த சனிக்கிழமை இரண்டு குடும்பமும் கோவளத்துப் பாறைகளில் கிளம்பி, முட்டுக்காடு முகத்துவாரத்தைத் தாண்டி, கழிமுகக் கரையோரமாக உள்ளே நடந்து திரும்புவது என்று முடிவானது. குழந்தைகூட நடக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்த அப்பா, அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை.

நான் போயிருக்கிறேன். ஜேசனும் போயிருக்கிறான். சேர்ந்துதான் போயிருக்கிறோம்.

எனக்கும் அவனுக்கும் மறைமலை நகரில் வேலை, வெவ்வேறு கம்பெனி. காலை ரயிலில் பழக்கம். தாம்பரத்தில் எந்த ஹோட்டலில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜையில் எங்கள் சர்ச் சபைக்காரர் ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதனால் சபைக்காரர்கள் வராத இடமாகத் தேடினோம். சில சனிக்கிழமைகளில் செங்கல்பட்டுப் பக்கம் பாலாற்றங்கரை, மற்றபடி கோவளத்துப் பாறைகள். வீட்டில் கேட்டால் ஆடிட் என்போம். இப்படியே நடந்து நடந்து, கல்யாணம் செய்துகொண்டால் இவனைத்தான் என்கிற இடத்துக்கு நான் வந்து சேர்ந்திருந்தேன்.

அதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அவருடைய தங்கை எப்சி அத்தை காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர். அவரோடு அப்பா பல வருடம் பேசவில்லை. இப்போதும் கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் போகும் வரும், பேச்சு கிடையாது. அதனால் நாங்கள் எங்கள் ஐயரம்மாவின் காலைப் பிடித்தோம். போதகரின் மனைவியே ஒரு வரனைக் கொண்டுவந்தால் அப்பா மறுக்கமாட்டார். ஐயரம்மாவும் இரண்டு வீட்டிலும் ஒன்றுமே தெரியாதவர்போல் நடித்து எங்களைப் பொருத்திவிட்டார். நானே தேடிப்பிடித்த இடமாக்கும் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் அன்றைக்கே இந்தச் சம்பந்தம் முறிந்துவிடும்.

தை மாதத்துச் சனிக்கிழமை, நல்ல வெயில். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக இரண்டு காரில் கோவளம் போய்ச் சேர்ந்தோம். ஜேசன் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் எனக்குக் கைகூப்பினான். அந்த முழுக்கைச் சட்டை நான் வாங்கிக் கொடுத்தது. அதை அவன் அம்மா என் அம்மாவிடம் காட்டி, பிள்ளைக்கு நல்ல ரசனை என்றார்.

அப்பாக்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நடந்தார்கள் என்று சொல்வது மரியாதைக்கு, உண்மையில் ஓடினார்கள். அவர் ஒரு பாறையில் ஏறினால் இவர் அதைவிட உயரமானதில் ஏறி, இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்ப்பார். அம்மாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சர்க்கரைக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று பேசியபடி பின்னால் வந்தார்கள். பாசி பிடித்த பாறைகளில் எது வழுக்கும், எது வழுக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சைக் கேட்ட சுவாரசியத்தில் மறந்துபோய்ப் பழக்கத்தில் தாவிவிட்டேன்.

"பாக்காமலே சரியா கால வைக்கிறியே" என்றார் அம்மா. அவர் பெயர் ரத்தினபாய். அதிகம் பேசமாட்டார், எல்லாவற்றையும் கவனிப்பார்.

அடுத்த பாறையில் வேண்டுமென்றே வழுக்கினேன். முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

பாறைகள் முடிகிற இடத்தில் செல்லம்மா மோர்க் கடை போட்டிருப்பார். இன்றைக்கு அவர் வராமல் இருக்க வேண்டும் என்று காலையில் ஜெபமே செய்திருந்தேன். வந்திருந்தார். தூரத்திலிருந்தே சிரித்தார்.

"இன்னா கண்ணு, போன வாரம் ஆளையே காணோம். இன்னிக்கு வூட்டாளுங்களயும் இட்டுகினு வந்துட்டியா?"

யாரைக் கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஜேசன் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துப் புரையேறினான். காப்பாற்றியது அப்பாதான். கடற்கரை வியாபாரிகள் எல்லாரையும் தெரிந்த மாதிரிதான் பேசுவார்களாம், அது ஒரு வியாபாரத் தந்திரமாம், வேதசிரோமணிக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

அடுத்து கிட்டு வந்தது. அந்தக் கரையில் திரியும் செவலை நாய். பெயர் வைத்தது நாங்கள், பிஸ்கட் போட்டு வளர்த்ததும் நாங்கள். குரைத்துக்கொண்டு ஓடிவந்து ஜேசனைச் சுற்றிச் சுற்றிக் குதித்துவிட்டு அவன் ஷூ மேல் உட்கார்ந்துகொண்டது. போ போ என்று அவன் விரட்ட, அதை விளையாட்டு என்று நினைத்துச் சட்டை நுனியைக் கவ்வியது. மீன் சாப்பிட்டுவிட்டு வந்தால் நாய்க்கு வாசனை தெரிந்துவிடும் என்றார் அப்பா. ஜேசனின் அம்மா, காலையில் தோசைதான் செய்தேன் என்று முணுமுணுத்தார். என் அம்மா நாயைப் பார்த்தார், ஜேசனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கோடையில் அங்கே மணல் மேடு மூடிக்கிடக்கும், செருப்பு நனையாமல் அந்தப் பக்கம் போய்விடலாம். மழைக்காலம் வந்தால் கழிமுகத்துத் தண்ணீர் மேட்டை வெட்டிக்கொண்டு கடலுக்குப் பாயும். போன மாதம் நான் ஜேசனைச் சீண்டினேன், உன்னால் தாண்ட முடியாது என்று. ரோஷப்பட்டு இறங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் அடியில் மணல் சரிந்து இடுப்புவரை போய்விட்டது, இழுப்பு வேறு. எப்படியோ தவழ்ந்து கரையேறினான். பாக்கெட்டில் இருந்த போன் அத்தோடு சரி. அன்றைக்குச் சிரித்தேன், ராத்திரி தூங்கவில்லை.

இப்போது தண்ணீர் கண்ணாடிபோல் அமைதியாக, முழங்கால் ஆழம்கூட இராததுபோல் ஏமாற்றிக்கொண்டிருந்தது. அப்பா போனை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார். அதில் மணல் மேடு பளிச்சென்று தெரிந்தது. எந்தக் கோடையில் எடுத்ததோ. இது வெறும் மெல்லிய நீர்ப்படலம், அடியில் கெட்டி மணல், வகுப்பில் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பேண்ட்டை மடித்தார். வேதசிரோமணி அதற்கு முன்பே மடித்துவிட்டார்.

ஜேசனைப் பார்த்தேன். அவிழாத ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. பாலத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றேன், அப்பா கேட்கவில்லை. ஷூ பாழாகும் என்றேன், கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் எட்டு வைத்தார். இரண்டாவதும் வைத்தார், பக்கத்திலேயே வேதசிரோமணியும் இறங்கிவிட்டார். கல்யாணமா அப்பாவா என்று யோசிக்கக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இறங்காதீங்கப்பா. மழைக்கு மேடு வெட்டிக்கிச்சு. போன மாசம் இதே எடத்துல ஜேசனுக்கு இடுப்பு வரைக்கும் தண்ணி."

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. கிட்டு ஜேசன் பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

வேதசிரோமணி மெதுவாக மகன் பக்கம் திரும்பினார். "போன மாசம் சனிக்கிழமையெல்லாம் ஆடிட்னு சொன்னியேப்பா."

"இவளுக்கும் ஆடிட்தான்" என்றார் என் அப்பா.

இரண்டு அப்பாக்களும் தண்ணீரில் நின்றபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் என் மனதில் எப்சி அத்தையின் கேக் டப்பா வந்து போனது. நாளைக்கு எனக்கும் அப்படித்தான் ஒரு டப்பா வரும் என்று நினைத்தேன்.

அப்பா கரையேறி மணலில் உட்கார்ந்தார். நனைந்த பேண்ட்டைப் பிழிந்தார். பிழிந்து முடித்தும் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் எறங்குனப்போ நீ எங்க இருந்த?"

"கரையிலப்பா."

"உன்ன எறங்க விடலையா?"

"இல்ல."

"எதுக்கு எறங்குனான்?"

சீண்டியதையும் ரோஷத்தையும் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே நாளில் அத்தனை உண்மை அப்பாவுக்கு ஆகாது.

"ஆழம் பாக்க" என்றேன்.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதசிரோமணி கனைத்தார், இந்தச் சம்பந்தத்தை நாம் இருவரும் சேர்ந்துதானே பேசிமுடித்தோம் என்று பொதுவாகச் சொன்னார். பின்னே என்றார் அப்பா, நான் பார்த்த இடம், இவர்களுக்கு என்ன தெரியும் என்றார். அம்மா என் பக்கத்தில் வந்து சிராய்த்த முழங்காலில் மணலைத் தட்டிவிட்டு, இதுக்கு மேல வழுக்க வேண்டாம் என்று காதோடு சொன்னார்.

அப்பா எழுந்து ஷூவைப் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். புவியியல் ஆசிரியருக்கு வழி தெரியவில்லை, அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் ஜேசன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, பாலத்துக்கு எப்படிப் போகணும்?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜேசனோ பயத்தில், காலையிலிருந்து நடித்த பழக்கத்தில், "தெரியல அங்கிள், நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல" என்றான்.

கிட்டு எழுந்து உடம்பை உதறிவிட்டு, பாலத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வாலை ஆட்டியபடி முன்னால் நடந்தது. அப்பா அதன் பின்னாலேயே போனார்.