ஸ்தனிஸ்லாஸின் வயிற்றுச் சத்தம்

நாற்பத்தேழாம் வருஷம் தவக்காலத்தில் ஸ்தனிஸ்லாஸுக்குக் குடலில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி மலமும் காற்றும் வயிற்றின் இடப்பக்கம் போட்ட துவாரத்தின் வழியாகத்தான். அதன்மேல் பஞ்சும் துணியும் வைத்து அகலமான பட்டை கட்டிக்கொள்வார். துணியை அவர் மனைவி அல்போன்சா துவைத்துவிடுவாள். காற்றை என்ன செய்வது? அடக்க முடியாது. நினைத்த நேரத்தில் உரக்கக் கத்தும்.

வீடு திரும்பியபின் போன முதல் பூசையிலேயே, எல்லோரும் மண்டியிட்டிருந்த மௌனத்தில் கத்தியது. முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றோடு வீட்டைவிட்டு இறங்கவில்லை.

மாலை வந்தால்தான் மனசு தாங்காது. மயிலாப்பூர் லஸ்ஸில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹனீஃபாவும் அவரும் இருபது வருஷம் சாந்தோம் மணலில் உட்கார்ந்து கோலி சோடா குடித்தவர்கள். யார் ஏப்பம் பெரிது என்று பந்தயம் வேறு. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியான நாற்பத்திரண்டில் சோடாக்காரன் ஓடிப்போனான், இவர்கள் ஓடவில்லை. அந்த ஏப்பங்களை நினைத்துச் சிரிப்பார். உடனே கண் கலங்கும்.

இரண்டு மாதம் பொறுத்துவிட்டு ஹனீஃபா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா நைனா, நான் இன்னா தப்பு பண்ணேன்? மூஞ்சியே காட்ட மாட்டேன்ற?"

பதிலை வயிறு சொன்னது. ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டியா? இதான். ஜனங்க நடுவுல உக்கார வெக்கமா கீது."

"இதுக்கா? போன ரம்ஜான்ல எங்க மாமனாருக்குத் தொழுகையிலயே காத்து பிரிஞ்சிச்சு. எழுந்து போனாரு, மறுபடி கைகால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சிக்கினு வந்து நின்னாரு. அவ்ளோதான்."

அல்போன்சா உள்ளிருந்து வந்தாள். எது தின்றால் சத்தம் கூடுகிறது என்று அவள் கவனித்து வைத்திருந்தாள். மொச்சை, முட்டைக்கோஸ், சோடா. பேசிக்கொண்டே அவசரமாக விழுங்குவது. "சத்தம் வரப்போவுதுன்னு தெரிஞ்சா பட்டைமேல உள்ளங்கையால மெதுவா அமுக்கிக்கோங்க. அமுங்கிப்போவும். நான் பாத்துட்டேன்" என்றாள்.

மறுநாள் மாலை நண்பர்கள் இருவரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். உட்காரவில்லை, நடந்தால் காற்று வலியில்லாமல் பிரிந்தது. நொச்சிக்குப்பம்வரை போனார்கள். வழியில் இரண்டு தரம் வயிறு கத்தியது. முதல் தரம் கையால் அமுக்கினார். இரண்டாம் தரம் விட்டுவிட்டார். ஹனீஃபா தன் கடைக்கு வந்த புது ராலே சைக்கிளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே நடந்தார்.